சிறுநீரக நோயாளிகள் குழுவை வாட்ஸ்அப்பில் நடத்துவது: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவரும் நிறைகுறைகள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டார் என்று ஒரு 300 பேர் சேர்ந்தால், தமிழ்நாட்டில் அந்தக் குழு வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். வேறு செயலியை இறக்கச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இடத்துக்குப் பஞ்சமில்லை, 2022 தொடக்கத்தில் 256 ஆக இருந்த வரம்பு அந்த ஆண்டு முடிவதற்குள் 1024 ஆகிவிட்டது. குறை வேறிடத்தில். அட்மினுக்குப் பூட்டும் துடைப்பமும் கிடைக்கின்றன, கணக்கு நோட்டு கிடைப்பதில்லை. எதை, ஏன் நீக்கினார் என்பது எங்கும் பதிவாகாது.

முதலில் பூட்டு. புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை ஆன் செய்யாமல் இன்வைட் லிங்க்கை வெளியே விடாதீர்கள். லிங்க்கை மாதம் ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். காரணம், குழுவுக்குள் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கிட்னி புரோக்கர் குழுவில் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. எண்களை எடுத்துக்கொண்டு தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்க்க அட்மினிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள்: நோயாளி யார், எந்தக் கிழமைகளில் டயாலிசிஸ், காலை ஷிஃப்ட்டா மாலையா. உண்மையானவர் யோசிக்காமல் சொல்வார்.

‘ஓ பாசிட்டிவ் கிட்னி தேவை, பணம் தருகிறோம்’ என்று நொந்துபோன குடும்பமே எழுதுவதும் உண்டு. மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி (1994) வாங்குவதும் விற்பதும் இரண்டும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு உடனே நீக்குங்கள். விற்க வந்தவர் என்றால் ஆளையும் சேர்த்து. குடும்பம் என்றால் ஆளை நீக்க வேண்டாம். தனியே கூப்பிட்டு, மருத்துவமனை மூலம் டிரான்ஸ்டானில் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பதிவு செய்யும் வழியைச் சொல்லுங்கள். வெளியே தள்ளப்பட்ட குடும்பம் நேராகப் புரோக்கரிடம்தான் போகும்.

அன்றாடத் தலைவலி ஃபார்வர்டு. ‘தினமும் இளநீர் குடித்தால் கிரியேட்டினின் இறங்கும்’ என்று ஒன்று வருகிறது என்று வையுங்கள் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு). மற்றவர்களுக்கு இளநீர் நல்லதுதான். டயாலிசிஸ் நோயாளிக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறி நிற்கலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ விளம்பரமும் இதே ரகம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இதைப் பேசாமல் நீக்கினால் திரையில் எஞ்சுவது ‘அட்மின் இன்னார் நீக்கினார்’ என்ற ஒரே வரி. நீக்கியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், காரணம் ஒருவருக்கும் தெரியாது. மனஸ்தாபம் இங்கேதான் தொடங்குகிறது. நீக்கிய கையோடு, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், ஏன் ஆபத்து என்று இரண்டே வரி போடுங்கள். ஏற்கெனவே படித்துவிட்டவர்களுக்குத்தான் அந்த இரண்டு வரி.

ஒவ்வொன்றையும் எடைபோட்டுக்கொண்டிருக்க முடியாது. ‘இரட்டை அம்புக்குறி போட்டு வந்தது இங்கே வரக்கூடாது’ என்ற விதி பெரும்பாலானவற்றைத் தடுக்கும். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப்பே அந்தக் குறியைப் போடுவதால் வாதாட இடமில்லை. காப்பி செய்து ஒட்டினால் குறி போய்விடும் என்பது ஓட்டை. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜும் தொல்லைதான். ஒரு நிமிடத்துக்குள், மேலே என்ன விஷயம் என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இரவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டும் வழக்கம் வேண்டாம். மனம் உடைந்துபோவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதற்குப் பதில் குழுவின் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த ஒரு செய்தி: மூச்சுத் திணறினால் இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், 108, மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416. இந்தப் ‘பின்’ அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். சத்தமில்லாமல் விழுந்துவிடும், ஒன்றாம் தேதிக்கு அலாரம் வையுங்கள்.

300 பேருக்கு 5 அட்மின் போதும். டயாலிசிஸ் நாளில் ஊசி ஏறிய கையோடு நான்கு மணி நேரம் படுத்திருப்பவரால் குழுவைப் பார்க்க முடியாது. திங்கள்-புதன்-வெள்ளிக்காரர் ஒருவர், செவ்வாய்-வியாழன்-சனிக்காரர் ஒருவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர் ஒருவர், மீதி இருவர் வீட்டார் என்று எடுத்தால் நாள்தோறும் ஆள் இருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். குடியை விட முயல்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் பொறுப்பைச் சுழற்றி விடுவதை எப்போதோ வழக்கமாக்கிவிட்டன. செய்தியை நீக்க ஒரு அட்மின் போதும், ஆளை நீக்க இருவர் ஒப்ப வேண்டும். தேதி, என்ன நீக்கப்பட்டது, எந்த விதி, எந்த அட்மின் என்று நான்கு நெடுவரிசையில் ஒரு கூகுள் ஷீட். உறுப்பினர் பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். வாட்ஸ்அப் தராத நோட்டு இதுதான். டெலிகிராமில் அட்மின் செயல்களின் பதிவு உண்டு, ஆனால் 48 மணி நேரம்தான்.

யாரோ போட்டதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போவாரா என்ற பயத்தில் பலர் பொறுப்பேற்கத் தயங்குவார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கில்லை என்றால் பெயரை வழக்கிலிருந்து நீக்கச் சொன்னது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது.

கடைசியாக ஒரு சிக்கல். எந்த அட்மினையும் இன்னொரு அட்மின் நீக்கலாம், குழுவைத் தொடங்கியவரை மட்டும் முடியாது. நோயாளிகள் குழுவில் தொடங்கியவர் திடீரென இல்லாமல் போவது கற்பனையல்ல. அந்த எண் பின்னால் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. தனி சிம் ஒன்றில் குழுவைத் தொடங்கி, இரண்டு அட்மின்கள் அறிய வைத்திருங்கள். ரீசார்ஜ் யார் பொறுப்பு என்பதையும் அதே ஷீட்டில் எழுதுங்கள்.