ஜோடியைப் பிரிப்பதா, விட்டுவிடுவதா?

2017-ல் பிரிட்டன் இளவரசர் ஜார்ஜ் சேர்ந்த லண்டன் தாமஸஸ் பேட்டர்சி பள்ளியில் ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ வைத்துக்கொள்வதை ஊக்குவிப்பதில்லை என்று செய்தி வந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் அதையே ஜூன் மாதம், நெருங்கிய இரு நண்பர்களைப் பிரித்து செக்‌ஷன் மாற்றிச் செய்கிறார்கள்.

ஒதுக்கம்: பிரித்தால், யாரும் சேர்க்காத பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு. விட்டால், ஒட்டிக்கொண்ட இருவரும் மூன்றாவது ஆளைக் கண்டுகொள்வதே இல்லை.

அழுகை: பிரித்தால் முதல் வாரம் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பும், என் மகளுடையது நான்கு நாள் அப்படித்தான் வந்தது, எலுமிச்சை சாதம் காய்ந்துபோய். விட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சண்டை வந்தால் பேச வேறு ஆள் கிடையாது.

அரட்டை: பிரித்தால் குறையும், சரி. அதற்கு பெஞ்ச் மாற்றினாலே போதுமே!

ஒருவர் மற்றவரை ஆட்டிவைக்கிறார் என்றால் பிரிக்கலாம். கூச்சப்படும் பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை என்றால், இருக்கிற ஒரே துணையைப் பிடுங்காமல் குழு வேலையில் மட்டும் கலைத்துப் போடுங்கள்.