முட்டை வெடிக்கும் நாள்: காலண்டரா, தெர்மாமீட்டரா, உடம்பா?

டர்பனில் எங்கள் சமையலறைச் சுவரில் எப்போதும் ஒரு தமிழ் காலண்டர் தொங்கும். ஆடி மாதக் கஞ்சி பூஜைக்குக் கோவிலுக்குப் போக முடியுமா என்று பார்க்க, என் மாமியார் தன் காலத்தில் அதில் புள்ளி வைத்து நாள் எண்ணுவாராம். பிள்ளைக்காக நாங்கள் முயன்றபோது நானும் அப்படித்தான் எண்ணத் தொடங்கினேன். அப்புறம் செயலி, தெர்மாமீட்டர், சிறுநீரில் பார்க்கும் சோதனைப் பட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெள்ளைப்படுதலைக் கவனிக்கும் முறைக்கு வந்தேன். என் ஓட்டு அதற்குத்தான்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிவந்த கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கருத்தரிக்கும் நாட்கள். முட்டை வந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை, முன்னாலேயே தெரிய வேண்டும்.

காலண்டர் கணக்கு இங்கேதான் தடுமாறுகிறது. 1920களில் ஜப்பானின் ஓகினோவும் ஆஸ்திரியாவின் க்னாஸும் தனித்தனியே கண்டது இதுதான்: முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. முடிந்த மாதவிடாயிலிருந்து எண்ணி அதைப் பிடிக்க முடியாது. முட்டைக்குப் பிந்தைய நாட்கள் ஒருத்திக்குப் பெரிதாக மாறுவதில்லை. முந்தைய நாட்கள்தான் நீள்வதும் குறைவதும். எனக்கு இரவு ஷிப்ட் வேலை. ஒரு மாதம் 27 நாளில் வரும், இன்னொரு மாதம் 38 நாள் வரை தள்ளிப்போகும். பழைய கணக்குப்படி மிகக் குறுகிய சுழற்சியில் 18ஐயும் மிக நீண்டதில் 11ஐயும் கழித்தால், மாதவிடாய் தொடங்கிய நாளை ஒன்றாக வைத்து, ஒன்பதாம் நாளிலிருந்து இருபத்தேழாம் நாள் வரை என்று வந்தது. பத்தொன்பது நாள்! அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? செயலியோ சராசரி போட்டு ஒரு தேதியை உறுதியாகக் காட்டியது. 38 நாள் சுழற்சியில் முட்டை சுமார் 24ஆம் நாள்தான் வெடித்திருக்கும்; நாங்கள் அதற்கு ஒரு வாரம் முன்பே ஓய்ந்திருந்தோம். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்களுக்குக் காலண்டரே ஓரளவு போதும். சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் இருந்தால் 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டரைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது, ஒழுங்காகச் செய்யவில்லை. தூங்கி எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். முட்டை வெடித்த பிறகு சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஷிப்ட் வேலைக்காரிக்கு 'ஒரே நேரம்' எங்கே? போதாததற்கு, சூடு ஏறும்போது நாள் கடந்திருக்கும். முட்டை வந்ததா என்று உறுதி செய்ய மட்டும் நல்லது.

வெள்ளைப்படுதல் தேதி பார்த்து வருவதில்லை. முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அதை மாற்றுகிறது. முட்டை எந்த மாதம் தாமதித்தாலும் இதுவும் கூடவே தாமதிக்கும். மாதவிடாய் முடிந்ததும் வறட்சி, அப்புறம் பசை போல் பிசுபிசுப்பு, பிறகு முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே அறுபடாமல் நீளும். விந்தணு ஐந்து நாள் தாங்குவதும் இதற்குள்தான். அந்த வழவழப்பு தெரியும் நாட்களே சேர வேண்டிய நாட்கள். அதன் கடைசி நாளை ஒட்டித்தான் முட்டை வெடிக்கும். கழிவறைக்குப் போகும்போதெல்லாம் துடைத்துப் பார்த்து, இரவு ஒரு சொல் எழுதி வைத்தேன். முதல் மாதம் குழப்பம்தான். மூன்றாம் மாதம் கை பழகிவிட்டது. உறவுக்கு மறுநாள் காலை பார்த்தால், மிஞ்சிய விந்து வழவழப்பு மாதிரியே தெரிந்து ஏமாற்றும். தயிர் போலத் திரண்டு அரித்தாலோ, நாற்றம் இருந்தாலோ அது தொற்று, டாக்டரிடம் போக வேண்டும்.

சோதனைப் பட்டை, முட்டையை வெடிக்கத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் ஏறுவதைக் காட்டும். பெரும்பாலும் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். துல்லியமானதுதான். ஆனால் என்னைப் போல் தள்ளிப்போகிறவள் பத்தாம் நாளிலிருந்து தினமும் சோதித்தால் ஒரு டப்பா போதாது. அதனால் வழவழப்பு தொடங்கிய பிறகே பட்டையை எடுத்தேன், நான்கைந்தில் முடிந்தது.

சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. அவர்களுக்கு வழவழப்பு பலமுறை வந்து போகலாம், பட்டையும் பொய்க்கோடு காட்டலாம் என்கிறார்கள். எனக்கு முயன்ற ஏழாம் மாதம் கரு நின்றது. இதனால்தான் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். 35 வயதுக்குள் ஒரு வருடமும், அதற்கு மேல் ஆறு மாதமும் முயன்று நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. எழுதி வைத்த அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். என் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.