மரச்சீனி விளைக்கு ரைபிளா, இரட்டைக்குழலா, சோலார் வேலியா?

போன மாதம் ஒரு காலையில் விளைக்கு (தோட்டத்துக்கு) போனால் பதினாறு மூடு மரச்சீனி (மரவள்ளி) கவிழ்ந்து கிடக்கிறது. முழுசாகத் தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு கிழங்கிலும் இரண்டு கடி, மீதியை மண்ணோடு மிதித்துப் போட்டிருந்தது பன்றிக்கூட்டம். கடித்த இடத்தில் பால்கூட இன்னும் காயவில்லை. பக்கத்து விளைக்கார மச்சான் அங்கேயே நின்று கேட்டார்: "ஒரு ரைபிள் எடுத்துப் போட்டா என்னா மச்சான்?"

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணம், கீரிப்பாறை பக்கம் இப்படி யோசிக்காத விவசாயி குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மான், மிளா (கடமான்) என்றால் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ரப்பர் தையின் பட்டையை மிளா உரித்தாலும் சரி, அதன்மேல் துப்பாக்கி தூக்க முடியாது. ஆகவே கேள்வி பன்றியைப் பற்றித்தான்.

ரைபிளில் நம் நாட்டில் பேர்பெற்றது .315 (குழலின் அங்குல அளவு). இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது, போல்ட்டை இழுத்துச் சுடும் வகை. குழலுக்குள் இருக்கும் சுருள்வரி குண்டைச் சுழற்றி அனுப்புவதால் அது நேராகப் போகும். நூறு மீட்டரில் நிற்கும் பன்றியை ஒரே குண்டில் சாய்க்கும். பழுது குறைவு, மழைக்கும் அஞ்சாது. நம்பகம் ஒன்றை மட்டும் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் குறி தவறினால்? அந்தக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். பன்றி இறங்குவது இரவிலும் விடியற்காலையிலும். நம் ஊரில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் இறங்கிவிடுகிறார்கள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிரும்போது, தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் மரங்களுக்கு இடையே ஒரு கண் சிமிட்டுவது போலத்தான் தெரியும். என் அப்பா முப்பது வருஷம் பால் வெட்டியவர். அந்த இருட்டுக்குள் ரைபிளை நீட்ட எனக்குக் கை வராது. எந்தத் தூரம் ரைபிளுக்குப் பெருமையோ, அதே தூரம்தான் இங்கே ஆபத்து.

12 போர் இரட்டைக்குழலில் அந்தப் பயம் குறைவு. தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும். எல்.ஜி., எஸ்.ஜி. என்கிற பெரிய குண்டுத் தோட்டா போட்டால் நாற்பது மீட்டருக்குள் பன்றிக்குப் போதும். அதைத் தாண்டினால் வேகமும் குறியும் சிதறிவிடும். வேட்டையாடியவர்களுக்கு அது குறை, நாலு பக்கமும் வீடு இருக்கிற ஊருக்கு அது நல்லது. இருந்தாலும் அடுத்த விளை வரை குண்டு போகும் என்பதை மறக்கக்கூடாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கு என்று எடுத்துச் சொல்வது, குழலின் வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி ஒத்துக்கொண்டால்தான் சுருள்வரி இல்லாத வேறொன்று கிடைக்கும். ரைபிள் அந்தக் கணக்கிலேயே வராது. மருந்து இடிக்கும் துப்பாக்கியோ நமக்கு ஒத்துவராது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. மருந்து நமுத்துப்போகும். ஒரு வெடிக்குப் பிறகு மறுபடி இடித்து முடிப்பதற்குள் பன்றி ஓடிவிடும்.

ஏர்கன் வேண்டவே வேண்டாம். சக்தி குறைந்த .177 வகைக்கு உரிமம் தேவையில்லை என்பதால் சிலர் வாங்குகிறார்கள். அந்தச் சின்ன ஈயம் பன்றியைக் கொல்லாது, தோலுக்குள் தங்கிச் சீழ் பிடிக்கத்தான் செய்யும்.

சரி, 12 போர் உரிமமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பன்றியை நாம் சுட முடியாது. 2025-இல் தமிழக அரசு போட்ட ஆணைப்படி காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் அதுவும் கிடையாது. எங்கள் விளைகளில் பாதி காட்டை ஒட்டியே கிடக்கின்றன. எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உரிமம் உள்ளவரை வைத்துச் சுட அனுமதி கொடுக்கிறார். ஒரே மலை, ஒரே பன்றி, சட்டம் மட்டும் இரண்டு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அப்புறம், தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், பன்றிக்குத் தேர்தல் தெரியாது.

அதனால் என் காசு சோலார் வேலிக்குத்தான். வெயிலில் சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து எனர்ஜைசர் என்ற கருவி விட்டுவிட்டு அனுப்பும் அதிர்ச்சி சுரீர் என்று இருக்கும், உயிரை எடுக்காது. ராத்திரி நாம் தூங்கினாலும் அது விழித்திருக்கும். கீழ்க்கம்பி தரையில் இருந்து ஒரு சாணுக்குள் ஓட வேண்டும், பன்றி மூக்கால் முட்டித்தான் நுழையும். மிளாவுக்கு மேலே இன்னும் இரண்டு கம்பி கூடுதலாக வேண்டும், அது தாண்டிவிடும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும், இந்த மழை ஊரில் பெரிய தொல்லை அதுதான். வேலியைப் பதிவு செய்ய வேண்டும், மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் கேட்கலாம். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள். அதில் சாவது பன்றி மட்டும் இல்லை.

குளச்சல் பக்கம் இருந்து பழைய மீன்வலை வாங்கிச் சுற்றுவது மலிவு. ஒரு பருவம் தாங்கும். மிளாவின் கொம்பு சிக்கிக்கொண்டால் பாவம் நம் தலையில்.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு இரண்டு விளையையும் சேர்த்து ஒரே சுற்றாகப் போடலாம் என்று அவரே சொன்னார். எனர்ஜைசர் ஒன்று போதும், செலவு பாதி. கம்பியடியில் புல் வெட்டுவது ஒரு வாரம் அவர், மறு வாரம் நான்.