பெட்டியா, விருதா, முன்னோட்டமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் மட்டும் படித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலேயே எழுதிக் கொடுக்க உரிமை தருகிறது. ஆனாலும் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்பது கவுண்டரில் உட்காரும் கிளார்க்குக்குத்தான் தெரியும். 'நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் ஒட்டிவைத்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றினால், அந்த யோசனை எந்த வழியாகப் போக வேண்டும்: யோசனைப் பெட்டியா, விருதா, ஓரிடத்தில் சிறிய அளவில் செய்து பார்க்கும் முன்னோட்டமா?

யோசனைப் பெட்டி மலிவு. டொயோட்டா 1951-லிருந்து ஊழியர் யோசனைத் திட்டம் நடத்துகிறது. அங்கே கூடவே வேலை பார்க்கும் மேற்பார்வையாளரே யோசனையைப் பார்க்கிறார். சின்ன மாற்றங்களை அங்கேயே செய்தும் பார்க்கிறார்கள். நம் அலுவலகத்தில் பெட்டிச் சாவி ஒருவரிடம், முடிவு மாவட்டத் தலைநகரில். பதில் வராத பெட்டியில் இரண்டாவது சீட்டு யார் போடுவார்?

விருது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொது நிர்வாகத்துக்கான பிரதமர் விருது 2006-இல் ஏற்படுத்தப்பட்டது, மாநிலங்களும் தருகின்றன. ஆனால் விருது வேலை முடிந்த பிறகு வருவது. கிளார்க்குக்குத் துணை தேவைப்படுவது அதற்கு முன்னால். போட்டோவில் யார் நிற்பார் என்பதும் தெரிந்ததே.

என் ஓட்டு முன்னோட்டத்துக்கு. பழைய முறைப்படி செய்து ஜனங்களை நாலு தடவை அலையவிட்டாலும் ஆடிட்டில் கேள்வி வராது. புதிதாகச் செய்து நூறு ரூபாய் வீணானால் வரும். அப்புறம் யார் வாய் திறப்பார்? ஆகவே முதலில் வேண்டியது தலைமை அதிகாரி கையெழுத்திட்ட ஓர் உத்தரவு: எந்தக் கவுண்டர், எந்தத் தேதி வரை, எவ்வளவு செலவு, பலிக்காவிட்டால் பொறுப்பு யாருடையது. கேரளத்தின் பெண்கள் சுயஉதவிக் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயே இப்படி வளர்ந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரத்தில் செய்து பார்த்தார்கள், பிறகு மலப்புறத்தில். 1998-இல்தான் மாநிலம் முழுவதற்குமான திட்டமாகத் தொடங்கப்பட்டது.

இதிலும் ஓட்டை உண்டு. ஆர்வமுள்ள அதிகாரிக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் முன்னோட்டமும் அவரோடு லாரி ஏறிவிடும். அதற்குத்தான், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, திருப்பி அனுப்பப்படும் மனுக்களின் எண்ணிக்கையைத் தொடங்குவதற்கு முன்பே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். கெடு முடியும் நாளில் தொடரலாம் அல்லது நிறுத்தலாம் என்று காரணத்தோடு எழுத வேண்டியது, அன்று அந்த நாற்காலியில் இருப்பவர் வேலை என்பதையும் உத்தரவிலேயே சேர்த்துவிட வேண்டும்.