மெமரி ஈவென்ட்ஸ் ஃபைலோடு நாலு வருஷம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு அச்சகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 16 ஜிபி மெமரி உள்ள ஒரே மெஷின்தான். பில்லிங் டேட்டாபேஸ், ஃபைல் ஷேர், டிசைனர்கள் அனுப்பும் பிடிஎஃப்களை அச்சுக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ஷன் வேலை, எல்லாம் அதிலேயே ஓடும். தை பிறந்துவிட்டால் கடலூர், விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்து குவியும். அந்த நாட்களில்தான் "அண்ணே, பில் போட முடியல" என்று கவுன்டரிலிருந்து போன் வரும்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். கன்வெர்ஷன் மெமரியை விழுங்கிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். அது சில நேரம் டேட்டாபேஸாக இருந்துவிடும். தப்பு செய்தது ஒருவன், அடி வாங்குவது இன்னொருவன். லாக்கில் ஒரு வரி கிடைக்கும், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

2021 கடைசியில் டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்புக்கு மாறியபோது சி-குரூப் இரண்டாம் பதிப்பு தானாகவே வந்துவிட்டது. ப்ராசஸ்களை, அதாவது ஓடும் புரோகிராம்களை, குழு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவுதான் மெமரி என்று கட்டிப்போடும் கெர்னல் வசதி அது. லினக்ஸில் 2008 முதல் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு 2016இல், கெர்னல் 4.5இல் நிலையானது. பழைய பதிப்பில் மெமரி எல்லையைத் தாண்டும்போது தகவல் வேண்டுமென்றால் ஈவென்ட்-எஃப்டி என்ற அறிவிப்பு வழி ஒன்றைத் திறந்து, அதன் எண்ணை இன்னொரு ஃபைலில் எழுதிப் பதிய வேண்டும். அதற்கென்றே ஒரு சி புரோகிராம் வைத்திருந்தேன். புதியதில் மெமரி.ஈவென்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் போதும். லோ, ஹை, மேக்ஸ், ஓஓஎம், ஓஓஎம்_கில் என்று சில வரிகள், ஒவ்வொன்றுக்கும் அது எத்தனை முறை நடந்தது என்று ஓர் எண். முதல் மூன்றும் நாம் வைக்கும் எல்லைகள், ஓஓஎம் என்றால் மெமரி தீர்ந்தது, ஓஓஎம்_கில் என்றால் கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றது. எண் ஏறினால் ஃபைல் மாறியதாக, மாற்றங்களை அறிவிக்கும் கெர்னல் வசதியான ஐநோட்டிஃபை சொல்லிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் மாதம் நான் இதை விட்டுவிட்டு இப்போது எவ்வளவு மெமரி பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் மெமரி.கரன்ட் ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லிமிட்டில் 90 சதவீதம் தொட்டால் அலர்ட். ராத்திரி முழுக்க போன் அடித்தது, சர்வரோ நன்றாகவே ஓடியது. டிஸ்கிலிருந்து படித்து மெமரியில் வைத்திருக்கும் ஃபைல்களின் நகலும் (கேஷ்) அந்தக் கணக்கில் சேர்கிறது. வேண்டும்போது கெர்னல் அதைக் காலி செய்துகொள்ளும். பெரிய பெரிய பிடிஎஃப்களைப் படிக்கும் குழு எப்போதும் நிரம்பியேதான் தெரியும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனை முறை முட்டியது என்பதைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மெஷின் படும் பாடு புரிந்தது.

கன்வெர்ஷன் குழுவுக்கு ஹை 6 ஜிபி, மேக்ஸ் 8 ஜிபி. ஹையைத் தாண்டினால் கெர்னல் யாரையும் கொல்லாது, அந்தக் குழுவின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். மேக்ஸில் முட்டி, இடம் மீட்க முடியாமல் போனால்தான் கொலை, அதுவும் அந்தக் குழுவுக்குள்ளேயே. டேட்டாபேஸ் தப்பித்தது இதனால்தான். ஆசைப்பட்டு ஹையை 3 ஜிபிக்கு இறக்கிப் பார்த்தேன். நாலு நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ஹை எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கேஷ் அதிகம் உள்ள குழுவில் அது ஆயிரக்கணக்கில் ஏறும், ஆபத்து எதுவும் இருக்காது. அதனால் ஹை ஏறினால் கூடவே மெமரி.பிரஷர் ஃபைலையும் படிக்க வைத்தேன். மெமரிக்காகக் காத்திருந்ததில் எவ்வளவு நேரம் வீணானது என்பதை அது சதவீதத்தில் சொல்லும். குழு மொத்தமும் ஒரே நேரத்தில் முடங்கிய நேரம் 'ஃபுல்' வரியில் இருக்கும். அந்த வரி அசைந்தால் மட்டும் எனக்குப் போன் வரும். ஓஓஎம்_கில் ஏறினால் எதையும் யோசிக்காமல் வரும்.

என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம் ஒன்று உண்டு. சர்வீஸ் செத்து, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி அதைத் திரும்பத் தொடங்கும்போது பழைய குழு அழிந்து புதிதாக ஒன்று உருவாகிறது. எண்களெல்லாம் பூஜ்யம். கொலை நடந்திருக்கும், ஃபைலில் தடயமே இருக்காது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். குழந்தைக் குழுவில் நடப்பது தாய்க் குழுவின் எண்ணிலும் சேரும் என்பது பிறகுதான் பிடிபட்டது. எல்லா சர்வீஸையும் ஒரே ஸ்லைஸுக்குள் (சிஸ்டம்-டியில் தாய்க் குழுவுக்கு இதுதான் பெயர்) போட்டு ஸ்லைஸின் ஃபைலையும் கவனிக்கிறேன். குழந்தை போனாலும் தாயிடம் கணக்கு நிற்கிறது.

டேட்டாபேஸின் மெமரியைக் கெர்னல் பிடுங்காமல் இருக்கப் பாதுகாப்பாக லோ 2 ஜிபி கொடுத்ததிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். தாய் ஸ்லைஸுக்கு லோ கொடுக்காவிட்டால் குழந்தைக்குக் கொடுத்தது செல்லாது. பல மாதம் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் எழுதுங்கள்.

ஐநோட்டிஃபை தரும் அறிவிப்புகள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தால் கெர்னல் அவற்றைச் சேர்த்து ஒன்றாகத் தரும். அதனால் அறிவிப்பை எண்ணாமல், முந்தைய எண்ணைச் சேமித்து வைத்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கரன்ட் போய் சர்வரும் அணைந்தது. திரும்ப எழுந்தபோது ஸ்லைஸின் எண்ணும் பூஜ்யம்தான். இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு டிஸ்கில் ஒரு லாக்கில் எழுதிவிடுகிறேன், தினமும் ஒரு காப்பி வெளியே போகிறது. போன தையில் கன்வெர்ஷன் மூன்று தடவை செத்தது. மூன்றும் ஒரே டிசைனரின் ஃபைல். படங்களைச் சுருக்காமல் அனுப்பியிருந்தார். நேரம் லாக்கில் இருந்ததால் எந்த ஃபைல் என்று காட்ட முடிந்தது, அவரும் மாற்றிக்கொண்டார். கவுன்டரிலிருந்து போன் வரவில்லை.