ஆன்ஷுட்ஸ் 1827 ஃபோர்ட்னர்: ஓடி வந்து சுடுபவர்களுக்கு ஏற்றதா?

ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் கலந்த கோடைக்கால பயாத்லானின் கிராஸ் கன்ட்ரி பிரிவில் மூச்சிரைக்க ஓடி வந்து பாயில் விழுந்து, 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து இலக்குகளை ஐந்தே தோட்டாவில் சாய்க்க வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. பனிச்சறுக்கு பயாத்லான் வீரர்கள் முதுகில் பரவலாகக் காணப்படும் ஆன்ஷுட்ஸ் 1827 ஃபோர்ட்னரே இங்கும் முதலில் பேசப்படும் துப்பாக்கி. ஜெர்மனியின் உல்ம் நகரத் தயாரிப்பு, பாயிண்ட் 22 எல்.ஆர். எனும் சிறு தோட்டா, ஐந்து தோட்டா பிடிக்கும் மகசின் (தோட்டாக்கூடு).

இதன் மதிப்பு முழுக்க போல்ட்டில்தான், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தில்தான் இருக்கிறது. சாதாரண போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். இதில் ஆள்காட்டி விரலால் பின்னுக்கு இழுத்து, கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் போதும். எஃகு உருண்டைகள் வெளியே பிதுங்கிப் பூட்டிக்கொள்ளும். கை பிடியை விட்டு நகராது, கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழாது. நாடி எகிறிக் கிடக்கும்போது ஒவ்வொரு தோட்டாவுக்கும் நிலையைப் புதிதாக அமைக்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம்.

ஆனால் களைத்த கட்டைவிரல் அரைகுறையாகத் தள்ளினால் பூட்டு விழாது, விசையை அழுத்தினாலும் வெடிக்காது. தள்ளுவது கடைசி வரை போக வேண்டும். எவ்வளவு தள்ளியும் தோட்டா இறுக்கமாக நுழைகிறதென்றால் தோட்டா அமரும் அறையின் முன்விளிம்பில் ஈயமும் கரியும் வளையமாகப் படிந்திருக்கும். வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கமாக விட்டுத் தேய்த்தால் போகும். குழலின் வாய்ப்பக்கமாகக் கம்பியைச் செருகாதீர்கள், விளிம்பு தேய்ந்தால் குறி கெட்டுவிடும். போல்ட்டுக்குள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் வேண்டாம். கோடையில் அது தூசியைப் பிடிக்கும், குளிரில் கெட்டியாகி, தோட்டாவை அடிக்கும் ஊசியின் வேகத்தைக் குறைக்கும், தோட்டா வெடிக்காமல் போகும்.

சிக்கிக்கொள்ளும் துப்பாக்கிகளில் மகசினைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி நிரப்ப வேண்டும். மாறினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மகசினின் வாய் உதடு லேசாக வளைந்திருந்தாலும் இதே கதைதான். மண்ணில் விழுந்த தோட்டாவைத் துடைக்காமல் போடாதீர்கள், அதன் மெழுகுப் பூச்சில் மணல் ஒட்டியிருக்கும்.

விசை இரண்டு கட்டமாக இயங்கும், விடுபடும் இடம் தெளிவாகத் தெரியும். போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவிசை வேண்டும். மிகச் சரியாக 500-இல் வைத்தால் சோதனை மேசையில் வம்பு, 20, 30 கிராம் கூட்டியே வையுங்கள். துப்பாக்கியின் எடையும் மகசின், தோட்டா நீங்கலாக 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. இழைத்து எடை குறைக்க நினைப்பவர்கள் கவனிக்க.

படுத்துச் சுடும்போது முன்குறி 'துக் துக்' என்று குதிக்கிறதா? பழி துப்பாக்கி மேல் இல்லை. துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் ஸ்லிங் பட்டை மேல்கையின் உட்புறத் தமனியை அழுத்துகிறது. பட்டையை மேலேற்றி, வெளிப்புறமாகத் திருப்புங்கள். அதேபோல், வினாடிக்கு 4 மீட்டர் வேகக் குறுக்குக் காற்று குண்டை ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளிவிடும். 45 மி.மீ. இலக்கில் அது நடுவிலிருந்து விளிம்பு வரையிலான தூரம். பின்குறியின் திருகைத் திருப்பும்போது வரும் கிளிக்குகள் ஒவ்வொன்றும் விரலுக்குத் துல்லியமாகத் தெரிவதால் பாயில் கிடந்தபடியே திருத்திக்கொள்ளலாம். எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள், அடுத்த சுற்றில் அந்தக் காற்று இல்லாமலும் போகலாம்.

ஓட்டப் பிரிவில் துப்பாக்கியைச் சுமந்து ஓடுவதில்லை, ரேக்கில் வைத்துவிட்டே ஓடுவார்கள். அதனால் முதுகுப் பட்டைக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். குறிகளில் பனி விழாமல் காக்கும் பனிமூடிகளும் வெறும் கூடுதல்தான். மூடியைத் திறக்க மறந்து திணறுகிறவர்கள் பனிக்காலத்திலேயே போதுமானவர்கள்.

புதிது 3,000 யூரோவைத் தாண்டும். காகித இலக்கில் நிதானமாகச் சுடுபவருக்கு இந்த விலை வீண், ஒற்றைத் தோட்டா மேட்ச் ரைஃபிளே அவருக்கு நல்லது. ரஷ்யாவின் இஷ்மாஷ் பயாத்லான் 7 வரிசை இதைவிட மலிவு, குளிரையும் தாங்கும், கட்டைதான் சற்று முரடு. பழைய ஃபோர்ட்னர் வாங்குவதானால் இடக்கை மாடலா வலக்கை மாடலா என்று முதலில் கேளுங்கள். நான்கு மகசினையும் தருகிறாரா என்று பாருங்கள், தனியாக வாங்கினால் விலை கடிக்கும்.