ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எங்கள் ஊரணியின் வரத்துக்கால்

நான் 31 ஆண்டுகள் நில அளவையராக இருந்தவன். காரைக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரை ஒட்டிய கல்லூரி ஒன்று விரிவாக்கத்துக்கு இடம் பார்த்தது. அவர்களுடைய படத்தில் எங்கள் தெருவின் பின்புறம் முழுவதும் காலியிடம். ஊரணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் போவதே அந்த வழியாகத்தான். பதறிப்போய்த்தான் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் கணக்குத் தொடங்கினேன்.

கல்லூரி வளரக் கூடாது என்பவன் அல்லன் நான். 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதால் படிக்க முடிந்தவர்களில் என் தந்தையும் ஒருவர்.

2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், கட்டணம் கிடையாது. பெயர்களைத் தமிழிலேயே இடலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கால் என்று குறிக்கவும் இடமிருக்கிறது. நில அளவைத் துறையின் புலப்படம் நிலத்தின் எல்லையைக் காட்டும். அந்த எல்லைக்குள் மக்கள் நடந்து நடந்து விழுந்த தடத்தைக் காட்டாது. இதில் அதையும் போடலாம்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து வரையாதீர்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நான் போட்ட வரத்துக்கால் தவறு. அச்செடுத்த தாளோடு தெருவில் இறங்கியபோது, முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி என் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது வண்டித்தடம் தம்பி. தண்ணீர் புளியமரத்துக்குக் கிழக்கே திரும்பும். அதை அடைத்தால் என் வளவுக்குள்தான் வந்து நிற்கும்."

போய்ப் பார்த்தேன். கருவேல முள்ளுக்கு அடியில், இரண்டடி அகலத்தில், செம்பூராங்கல் பதித்த கால். அளவைக்காரனான என் கண்ணுக்கே அது தப்பியிருந்தது.

குறையும் உண்டு. புரவி எடுப்புத் திருவிழாவில் மண்குதிரைகள் அய்யனார் கோவிலுக்குப் போகும் பாதையைப் போட இதில் தோதான வழி எனக்குக் கிடைக்கவில்லை. அச்சுத்தாளில் சிவப்பு மையால் கோடிழுத்தேன். யாராவது தவறாகத் திருத்திவிட்டால் அதைக் கவனித்துச் சரிசெய்வதும் நம் பொறுப்புதான்.

இந்த வரைபடத்துக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்த படத்தைக் கல்லூரிப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "இந்தக் கால் எங்கே தொடங்குகிறது?" என்றுதான். கண்மாய்ப் பக்கம் இன்னும் நடந்து பார்க்கவில்லை. ஐப்பசி மழைக்குள் அதையும் வரைந்துவிட வேண்டும்.